நோயர் காப்பு வினாவும் தமிழும்

(காரைக்காலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இரவுப் பணி முடியும் விடியற்காலை. காரைக்காலைப் போன்ற ஒரு கடற்கரை ஊரின் மருத்துவமனை. நோயர் கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு ஒருவர் கைகழுவுகிறார். பகற்பணிக்கு வந்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க ஒரு செவிலியர் ஏடுகளை அடுக்குகிறார். அந்த நேரத்தில் இருவர் கையிலும் ஒரு வினாப்படிவம் கொடுக்கப்படுகிறது. உங்கள் பிரிவில் நோயர் காப்பு எவ்வாறு உள்ளது என்று அது கேட்கிறது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், துடைத்தவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு போவார். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழில் இருந்தால், செவிலியரும் நான்கு வினாக்களோடு சலித்து, எஞ்சியவற்றுக்கெல்லாம் நடுக்கட்டத்தில் குறியிட்டுத் திருப்பிக் கொடுப்பார். முன்னதில் விடை இல்லை என்பதாவது தெரியும். பின்னதில் விடை வந்துவிட்டதாகத் தோன்றும். அதைக் கூட்டிக் கழித்து விழுக்காடு போடுவார்கள். அந்த விழுக்காட்டை நம்பி எங்கே ஆள் போடுவது, எங்கே விடுவது என்று முடிவு செய்வார்கள். பின்னதே பெருந்தீங்கு.

இப்படிவத்தின் பிறப்பை முதலில் அறிதல் நலம். 1986இல் செர்னோபில் அணுவுலை வெடித்தது. அதை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர், பொறியின் குறையோடு அங்கு வேலை செய்தோரின் பழக்கமும் மேலிடத்தின் போக்கும் சேர்ந்தே அழிவைக் கொணர்ந்தன என்று கண்டனர். ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்னும் தொடர் அப்போதுதான் வழக்குக்கு வந்தது. 1999இல் அமெரிக்க நாட்டு மருத்துவ நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தவிர்த்திருக்கக் கூடிய தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என அது கணித்தது. செல்வமும் கருவியும் குவிந்த நாட்டின் நிலை அது! அதன்பின் 2004இல் அந்நாட்டு அரசின் நலப்பணி ஆய்வு நடுவம், மருத்துவமனைப் பணியாளரிடம் கேட்பதற்கென 42 கூற்றுகளை 12 கூறுகளாக வகுத்து ஒரு வினாநிரலை வெளியிட்டது. 2019இல் அதைத் திருத்தி, 32 கூற்றுகளும் 10 கூறுகளுமாகச் சுருக்கியது. உலகின் பல மொழிகளுக்கு அது பெயர்க்கப்பட்டுள்ளது.

அவ்வினாநிரல் நோயரிடம் கேட்பதன்று, பணியாளரிடம் கேட்பது. ஆள் போதுமா? வேலை நெருக்கும்போது மேலவர் குறுக்குவழியைத் தூண்டுகிறாரா? ஒருவர் செய்த தவறு அவர்மேலேயே சுமத்தப்படுகிறதா? மருத்துவர் சொல்வது தவறென்று பட்டால் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறதா? இவ்வினாக்களுக்கு உண்மையான விடை மருத்துவமனைத் தலைவரின் மேசையில் இல்லை. மருந்தூசி போடுபவர், படுக்கையைத் தள்ளுபவர், குருதிக் குப்பியை ஆய்வகத்துக்குத் தூக்கிச் செல்பவர் ஆகியோரின் வாயில் இருக்கிறது. அந்த வாய் பேசும் மொழி தமிழ்.

காரைக்காலின் கதையே மொழி மாறி மாறி ஆண்ட கதைதான். 1739இல் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றியது போக, 1954 நவம்பர் முதல் நாள் வரை அவர்கள் ஆட்சியிலேயே இருந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகத்து 16இல் நிறைவுற்றது. இன்றும் ஊராட்சியைக் ‘கொம்யூன்’ என்றே இங்கு அழைக்கின்றனர். மருத்துவக் கல்வியும் அவ்வாறே. 1823இல் புதுச்சேரியில் பிரெஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய சிப்மர் நிறுவனத்தின் வேர். அதன் காரைக்கால் கிளை 2016இல் தொடங்கியது. இருநூறு ஆண்டுகளில் பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்தது. இடையில் தமிழுக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை. 1965ஆம் ஆண்டின் புதுவை ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இங்கு ஆட்சிமொழி ஆக்கியது. ஆங்கிலத்துக்கும் இடம் விட்டது. அந்த இடத்தில் ஆங்கிலம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கின்படி இரண்டு இலக்கம் மக்களும் உள்ள இந்நிலத்தைச் சுற்றிலும் தமிழ்நாடு. நாகையிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் நோயர் இங்கு வருகின்றனர். வருவோரும் தமிழர், பார்ப்போரும் தமிழர். இடையில் ஓடும் தாள் மட்டும் ஆங்கிலம்.

சரி, தமிழில் பெயர்த்துவிடலாம் என்று அமர்ந்தால் முதற்சொல்லே இடறுகிறது. ‘நோயாளி பாதுகாப்பு’ என்று எழுதினால் கூடத்தில் வேலை செய்பவர் என்ன பொருள் கொள்வார்? மருத்துவமனை வாயிலில் சீருடையணிந்து தடியோடு நிற்கிறாரே, அவர்தான் அவருக்குப் பாதுகாப்பு. குழந்தை களவு போகாமல், பார்வையாளர் கூட்டம் உள்ளே நுழையாமல் காப்பது பற்றிய கேள்வி என்றே எண்ணுவார். வாயிற்காவல் நன்றாக இருந்தால், ‘இங்கே பாதுகாப்பு மிக நன்று’ என்று குறியிடுவார். அதே கூடத்தில் முதல்நாள் இரவு ஒருவருக்குரிய மருந்து இன்னொருவருக்குப் போயிருக்கலாம்! ஆகவே முதற்பக்கத்திலேயே, ‘மருத்துவம் செய்யும்போது நோயருக்குத் தீங்கு நேராமற் காத்தல்’ என்று ஒரு வரியில் விளக்கிவிட்டு, அதன்பிறகே ‘காப்பு’ என்னும் சொல்லை ஆளவேண்டும்.

அடுத்தது ‘தவறு’.  தமிழில் பிழை, தவறு, குற்றம் என மூன்று சொற்கள் முன்னே வந்து நிற்கின்றன. குற்றம் என்றால் காவல்நிலையம் நினைவுக்கு வரும். எவரும் எழுத மாட்டார். எஞ்சிய இரண்டும் மருத்துவமனைத் தமிழில் வேறு வேலையும் பார்க்கின்றன. ‘நேற்று வந்தவர் பிழைத்துக்கொண்டார்’ என்றால் உயிர் தப்பினார் என்பது பொருள். ‘தவறிவிட்டார்’ என்றால் இறந்துவிட்டார் என்பது பொருள். பிழைத்தலும் தவறுதலும் உயிரும் சாவுமாக வழங்கும் கூடத்தில், ‘இங்கு அடிக்கடித் தவறுகின்றனவா?’ என்று வினைச்சொல்லால் கேட்டால் கேட்பவர் முகம் வெளுக்கும். தமிழின் வளம் அது; குறையன்று. ஆயின் வளத்தை அறியாமல் அகராதியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அதுவே குழி. பெயர்ச்சொல்லாகத் ‘தவறு’ என்றே கொண்டு, மருந்தின் அளவு மாறுதல், ஆள் மாறுதல் என இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தால் சிக்கல் தீரும்.

தவறு நடந்ததை மேலே தெரிவிப்பதற்கு மருத்துவமனைகளில் வழங்கும் சொல் ‘புகார்’. இங்கிருந்து வடக்கே கடலோரமாகச் சென்றால் காவிரி கடலிற் புகும் புகார் நகர் இருக்கிறது. அது நல்ல தமிழ்ச்சொல். இந்தப் புகார் வடக்கேயிருந்து வேற்றுமொழி வழியாக வந்தது. தூய்மை கருதி மட்டும் அதை விலக்கச் சொல்லவில்லை. புகார் என்றாலே ஒருவர்மேல் இன்னொருவர் கொடுப்பது. ‘புகார் கொடுக்கிறீர்களா?’ என்று கேட்டால், ‘உடன் வேலை செய்பவரைக் காட்டிக் கொடுக்கிறீர்களா?’ என்றே காதில் விழும். மூலவினாநிரல் எந்த அச்சத்தை அளக்க வந்ததோ அந்த அச்சத்தைப் பெயர்ப்பே உண்டாக்கிவிடும். ‘நடந்ததைத் தெரிவித்தல்’ என்று எழுதினால் போதும். ஆள் மறைந்து நிகழ்ச்சி முன்வரும்.

மேற்பார்ப்பவரைக் ‘கண்காணிப்பாளர்’ என்பது அலுவலகத் தமிழ். இக்கடற்கரையில் அச்சொல்லுக்கு ஒரு நிழல் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழரை ஆட்டிப் படைத்த கங்காணியின் பெயரும் அதே வேரினது. காரைக்கால் துறைமுகமோ 19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கூலிகளை இரியூனியனுக்கும் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேற்றிய துறை. அந்நினைவு எல்லார் உள்ளத்திலும் இருக்கும் என்று சொல்வது மிகை. ஆயினும் ‘உங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர்’ என்று எளிதாகச் சொல்ல வழியிருக்கையில் நிழலுள்ள சொல் எதற்கு? ஒன்றில் தமிழுக்கே வெற்றி: ஆங்கிலப் படிவம் மேலவரைக் குறிக்குமிடத்தில் ஆண்பாலையும் பெண்பாலையும் கோடிட்டு இரண்டாக எழுதித் தவித்தது, தமிழில் ‘அவர்’ என்றால் முடிந்தது.

கூட்டம் கூட்டமாக நோயர் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது செய்தி விட்டுப்போவதைக் குறிக்க, ஆங்கிலத்தார் விரிசலுக்கிடையே விழுதல் என்னும் வழக்கை ஆள்கின்றனர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கட்டடத் தரையில் விரிசல் உண்டா என்று பொதுப்பணித்துறையார் கேட்பது போல இருக்கும்! ‘கைமாறும்போது விட்டுப்போதல்’ என்பது எவருக்கும் விளங்கும். காரைக்காலுக்கு இவ்வினா மிகத் தேவையானது. இங்கு முடியாத நோயரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிக்கோ, மேற்கே தஞ்சைக்கோ அனுப்பவேண்டி வருகிறது. கொடுத்த மருந்து எது, எப்போது கொடுத்தது என்பது ஊர்தியில் உடன் போகவில்லையென்றால், அங்கே மீண்டும் அதையே கொடுக்க நேரலாம்.

தீங்கு நேரவிருந்து நூலிழையில் தப்பியதையும் எழுதி வைக்கவேண்டும் என்பது இத்துறையின் தலையாய கொள்கை. இன்று தப்பியது நாளை தப்பாது என்பது அதன் உட்பொருள். தமிழில் அதற்கு நேரான பழமொழியே இருக்கிறது: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆயின் அதைச் சொன்னபின் தமிழர் செய்வது என்ன? பெருமூச்சு விடுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், மறந்துவிடுவார்கள். தலைப்பாகை போனதை ஏட்டில் எழுதும் பழக்கம் இல்லை. எனவே அவ்வினாவுக்கு ‘இல்லை’ என்னும் விடை மிகுதியாக வந்தால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மகிழக்கூடாது. சொல்லைப் பெயர்ப்பது ஒரு வேலை. அதன்பின் நிற்கும் பழக்கத்தை அறிந்து வினாவை அமைப்பது வேறு வேலை.

எதிர்மறைக் கூற்றுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். கேட்பவர் கவனத்தைச் சோதிக்க, மூலத்தில் சில கூற்றுகளை நலம் சொல்வனவாகவும் சிலவற்றைக் குறை சொல்வனவாகவும் கலந்து வைத்துள்ளனர். குறை சொல்லும் கூற்றை மறுத்தால் அது நல்ல விடையாகக் கணக்கிடப்படும். அதை ‘இல்லை’ போட்டுப் பெயர்த்து, எதிரே ‘உடன்படவில்லை’ என்னும் கட்டத்தையும் வைத்தால் இரண்டு இல்லைகள் மோதுகின்றன. ‘சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் தமிழர், ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பார். ஆங்கிலேயர், ‘இல்லை, சாப்பிடவில்லை’ என்பார். இரு மொழியிலும் தலையாட்டும் முறையே வேறு. இவ்வேறுபாட்டைக் காணாமல் பெயர்த்த படிவத்தில், நல்ல கூடம் தீய கூடமாகவும், தீயது நல்லதாகவும் எண்களில் மாறி நிற்கும். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் முடிவு பொய். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூலத்தாரே எதிர்மறைகளைக் குறைத்து, ‘தெரியாது’ என்பதற்கும் ஒரு கட்டம் சேர்த்தனர். தமிழில் பெயர்ப்போர் பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு உழலவேண்டுவதில்லை.

விடைக்கட்டங்களின் பெயரும் எளிதன்று. ‘உடன்படுகிறேன்’ என்பது ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடும் ஓசை உடையது. ‘சரி’ என்று வைக்கலாமே எனின், மேலவர் சொல்லுக்கு ‘சரிங்க’ என்பது இசைவன்று. காதில் விழுந்தது என்பதற்கு அடையாளம். ஐந்து படிகள் ஐந்தாகவே இருக்கட்டும். ‘முழுதும் உண்மை’ தொடங்கி ‘சிறிதும் உண்மையன்று’ வரை பெயரிட்டு, நான்கு பணியாளரிடம் காட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்தல் நன்று.

இவ்வாறு மொழிமாற்றுவதற்கு உலகில் ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. இருவர் தனித்தனியே தமிழாக்குவர், இரண்டையும் ஒன்றாக்குவர், மூலத்தைப் பாராத வேறிருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவர், வல்லுநர் குழு ஒப்பிட்டுப் பார்க்கும், முப்பது நாற்பது பேரிடம் கொடுத்துச் சோதிப்பர். இதில் மீள்பெயர்ப்பைப் பலர் வேதமாகக் கொள்கின்றனர். அது பாதி உண்மை. விரிசலில் விழுந்ததை அப்படியே தமிழாக்கியிருந்தால், மீளும்போது மிக அழகாகப் பழைய ஆங்கிலமே வந்து சேரும். குழுவும் மகிழ்ந்து கையொப்பமிடும். காரைக்காலில் மட்டும் எவருக்கும் விளங்காது. ஆகையால் உயிர்நிலை கடைசிப் படியில்தான் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் அருகில் அமர்ந்து, ‘இதைப் படித்ததும் உங்கள் உள்ளத்தில் என்ன தோன்றியது? உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்று கேட்கவேண்டும். அவர் சொல்லே இறுதித் தீர்ப்பு.

தமிழுக்கு இவ்வேலை புதிதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாநிரலை உருவாக்கியபோது, ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்குப் பெயர்க்காமல், 15 நடுவங்களில் ஒரே காலத்தில் மக்களைக் கேட்டுத் தொகுத்தது. அப்பதினைந்தில் சென்னையும் ஒன்று. தமிழ் அங்கே பின்னால் வந்த மொழிபெயர்ப்பாக நிற்கவில்லை. தொடக்கத்திலேயே பந்தியில் அமர்ந்தது.

இன்னும் பின்னே சென்றால் யாழ்ப்பாணத்துக் கிரீன். அமெரிக்காவிலிருந்து 1847இல் சமயப் பணிக்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மாணவர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் நாடு திரும்பியபின்னும் அப்பணியை விடவில்லை. அவர்க்குப்பின் அக்கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை என்பது தமிழின் இழப்பு. அவர் நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘இரணவைத்தியம்’, ‘அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’. தனித்தமிழ் அன்பர்க்கு இவை கசக்கும், கசக்கத்தான் வேண்டும். அறுவை மருத்துவம், உடற்கூறு, வேதியல் என்று இன்று பள்ளிப்பிள்ளையும் சொல்கிறது. ஆயினும் கூடத்தில் நிற்பவனுக்கு அவன் மொழியில் சொல்லாமல் மருத்துவம் நடவாது என்று கண்டவர் அந்த வெளிநாட்டவர். சொல்லில் குறை வைத்தார், நோக்கில் வைக்கவில்லை.

இங்கே தனித்தமிழ் அன்பர்கள் தம்மையும் ஒருமுறை உரைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். நேற்று ஆக்கிய சொல்லை இன்று வினாப்படிவத்தில் ஏற்றுவது முறையாகாது. ‘மருத்துவமனை’யும் ‘செவிலியர்’ என்பதும் ஒருகாலத்தில் நகைக்கப்பட்டவையே. பெயர்ப்பலகையிலும் பாடநூலிலும் இதழிலும் இருபது முப்பது ஆண்டுகள் நடமாடியபின் வேரூன்றின. நாணயத்தை அக்கசாலையில் அடித்து ஊரில் புழங்கவிட்டபின்தான் கடையில் நீட்டவேண்டும். உயிரை அளக்கும் படிவத்தில் புதுக்காசை நீட்டிச் செல்லுமா என்று பார்த்தல் ஆகாது. ‘கூடம்’ என்று எழுதிப் பக்கத்திலேயே ‘வார்டு’ என்றும் போடுவதால் தமிழ் தாழ்ந்துவிடாது. அடுத்த படிவத்தில் அந்த இரண்டாம் சொல் தேவைப்படாமற் போகும்படி செய்வது இயக்கத்தின் வேலை. துப்புரவுப் பணியாளரின் வேலையன்று.

இன்னொன்று, மொழியைத் தாண்டியது. மேலவரின் முடிவைக் கீழுள்ளவர் தடுத்துக் கேட்க முடியுமா என்னும் வினா, ‘அய்யா’ என்று எழுந்து நின்று பேசும் குமுகாயத்தில் எவ்வாறு விளங்கும்? கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர், கேட்கும் உரிமை இருக்கிறதா என்பதை எண்ணிப் பார்த்ததே இருக்காது. ‘மருந்தின் அளவு மாறியிருக்கிறதோ என்று உங்களுக்குத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்வீர்களா? சொன்னால் அவர் என்ன செய்வார்?’ என்று நடப்பை வைத்துக் கேட்டால்தான் விடை வரும். ஒப்பந்தக் கூலியாக வேலை செய்பவருக்கோ அடுத்த திங்கள் வேலை இருக்குமா என்பதே முதல் வினா.

‘பெயர் எழுதவேண்டா’ என்று படிவத்தின் தலையில் அச்சிட்டிருக்கும். கீழே எந்தப் பிரிவு, என்ன வேலை, எத்தனை ஆண்டுகளாக என்று மூன்று கேள்விகள் இருக்கும். அமெரிக்கப் பெருநகரின் ஆயிரம் படுக்கை மருத்துவமனையில் அம்மூன்றும் எவரையும் காட்டிக் கொடுக்கா. சிறிய ஊரின் சிறிய கூடத்தில், பத்தாண்டுக்கு மேல் வேலை செய்யும் உதவியாளர் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் பேரை எழுதுவதும் ஒன்று, அம்மூன்றையும் நிரப்புவதும் ஒன்று. இதை அவர் அறிவார். படிவத்தை ஆக்கியவர் அறியார். ஆகவே காரைக்காலில் அம்மூன்றில் ஒன்றையேனும் எடுத்துவிடவேண்டும், அல்லது ஆண்டுகளை ‘ஐந்துக்குள், ஐந்துக்குமேல்’ என இரண்டே பகுதியாக்கவேண்டும். நிரப்பிய தாளைப் பொறுப்பாளர் கையில் கொடுக்கச் சொல்லாமல், பூட்டிய பெட்டியொன்றைப் பொதுவழியில் வைக்கவேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுபவர் அதே மருத்துவமனையில் சம்பளம் வாங்காத வெளியாளாக இருத்தல் வேண்டும்.

படிவத்தின் கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதுக என்று ஓர் இடம் விடப்பட்டிருக்கும். ஆங்கிலப் படிவத்தில் அது சிறிய கட்டம். தமிழ்ப் படிவத்தில் அதற்கு ஒரு முழுப்பக்கத்தை வெறுமையாக விட்டு, கோடு மட்டும் போட்டு வைக்கலாம். முன்னுள்ள முப்பத்திரண்டில் அகப்படாதது அந்தப் பக்கத்தில் அகப்படும்.